ஆமத்தூருக்கு ஓர் அலமாரி

விருதுநகர் மாவட்டம் தாளால் வாழும் மாவட்டம். 1922ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா நகருக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. அச்சகங்கள் பெருகவே, நாட்காட்டியும் நாட்குறிப்பும் நோட்டுப் புத்தகமும் சிவகாசியிலிருந்து நாடெங்கும் செல்லலாயின. பட்டாசும் தாளை நம்பிய தொழிலே. வெடியின் குழாய் தாளைச் சுருட்டிப் பசையிட்டு ஆக்கப்படுவது. விழா நாளின் மறுகாலையில் தெருவில் சிதறிக் கிடக்கும் வெடித்தாள் துண்டுகளில் அச்செழுத்துகளைக் கண்டிராதார் இப்பகுதியில் இலர். யாரோ எழுதி, யாரோ அச்சுக்கோத்து, யாரோ படித்து முடித்த பக்கம் ஒன்றின் இறுதி நிலை அது.

ஆமத்தூர், இத்தொழில் வட்டாரத்தின் நடுவே, விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் அமைந்துள்ள கரிசல் நிலத்து ஊர். சுற்றிலும் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வளர்ந்துள்ள இத்தகைய ஊர்களில் தாளுக்குப் பஞ்சமில்லை; படிக்கத்தக்க நூலுக்குத்தான் பஞ்சம். அதிலும் பாடநூலும் தேர்வு வழிகாட்டியும் ஒருவாறு வந்து சேர்ந்துவிடுகின்றன. இளைஞர் உள்ளத்தை நான்கு சுவர்களுக்கு வெளியே அழைத்துச் செல்லும் நூல்கள்தாம் வந்து சேர்வதில்லை.

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விழைவது ஒன்றே. திடல் விளையாட்டுகளைப் பற்றியும், மலையிலும் காட்டிலும் கடலிலும் மாந்தர் மேற்கொண்ட துணிகரச் செயல்களைப் பற்றியும் தமிழில் வந்துள்ள நூல்களைப் புதியனவும் பழையனவுமாகத் தேடித் திரட்டி, ஊருக்கு ஓர் அலமாரியாக வைத்தல் வேண்டும். அப்பணியை ஆமத்தூரில் தொடங்கலாம். இது பொழுதுபோக்குக்காகச் சொல்லும் யோசனையன்று என்பதைக் கீழ்வரும் பகுதிகளில் விளக்க முற்படுகின்றோம்.

மண் காத்ததும் ஏடு காத்ததும்

சிவகாசிக்கு அண்மையில், வைப்பாற்றங்கரையில் உள்ளது வெம்பக்கோட்டை. அங்கே 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வு நிகழ்த்தி வந்துள்ளது. கிடைத்த பொருள்களுள் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் பகடையும் இடம்பெற்றுள்ளன. பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளும் பெரியோரும் ஆடிய ஆட்டங்களின் கருவிகள் அவை. மண் அவற்றைச் சிதையாமல் காத்துத் தந்துவிட்டது.

ஆயின், அக்காய்களைக் கொண்டு எவ்வாறு ஆடினர்? எத்தனை பேர் ஆடினர்? யார் முதலில் எறிந்தனர்? எது வெற்றி, எது தோல்வி? இவற்றுள் ஒன்றையும் மண் காத்து வைக்கவில்லை. ஆட்டக்காயை மண் காக்கும். ஆட்டத்தின் விதியை மனிதன் நினைவு காக்க வேண்டும். நினைவு மங்கும் காலத்தில் நூல் காக்க வேண்டும். திடல் விளையாட்டு நூல்களைத் திரட்ட வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான காரணம் வேறு வேண்டுவதில்லை.

நூல் காத்ததற்கும் நம்மிடையே சான்று உண்டு. ஆயர்குல இளைஞர் காளையை எதிர்கொண்டு தழுவும் ஏறுதழுவலை விரிவாகக் காட்டுவது கலித்தொகையின் முல்லைக்கலிப் பகுதி. சுவடிகளாகக் கிடந்த அந்நூலை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவரும் உ. வே. சாமிநாதையரும் சுவடி தேடி அலைந்த அலைச்சலைத் தமிழுலகம் நன்கறியும். அந்த அலைச்சலின் பயன் நூற்றாண்டு கடந்து வெளிப்பட்டது. 2014ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோதும், 2017 சனவரியில் மாணவரும் இளைஞரும் மெரினா முதலான இடங்களில் திரண்டபோதும், இவ்விளையாட்டின் தொன்மைக்குச் சான்றாகச் சங்க நூல்கள் மேடைதோறும் எடுத்துக்காட்டப்பெற்றன. தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம் செல்லும் என 2023 மே மாதத்தில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சல்லிக்கட்டைப் பற்றி ஒருவர் எக்கருத்தினை உடையவராயினும், அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு நூல் எஞ்சியிருந்தது என்பதை மறுக்க இயலாது. ஏட்டில் ஏறாத விளையாட்டுகளுக்காக வாதிடுவோர் எதனைக் காட்டி வாதிடுவர்?

நூல்கள் இல்லாமல் இல்லை

'தமிழில் இத்துறையில் நூல்கள் ஏது?' என்று வினவுவோர் பலர். நூல்கள் உள்ளன, ஓரிடத்தில் திரண்டிருக்கவில்லை என்பதே உண்மை. நாம் முன்மொழியும் அலமாரிக்கு ஐந்து தட்டுகள் இருப்பதாகக் கொண்டு, ஒவ்வொரு தட்டிலும் வைக்கத்தக்கவற்றுள் சிலவற்றை இங்கே சுட்டுவோம்.

முதல் தட்டு நாட்டு விளையாட்டுகளுக்கு உரியது. இதில் முதலிடம் பெறவேண்டுவது மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இயற்றிய 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்'. 1954இல் வெளிவந்த இந்நூலில், ஆண்பாலார் ஆடுவன, பெண்பாலார் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன எனவும், பகலாட்டு, இரவாட்டு எனவும் அவர் பகுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆட்டத்தின் கருவி, ஆடுவோர் தொகை, ஆடும் இடம், ஆடும் முறை ஆகியவற்றை இலக்கணம் வகுப்பது போல் வகுத்துச் சொல்கின்றார். சொல்லாராய்ச்சிப் பேரறிஞர் ஒருவர் கோலியையும் கிட்டிப்புள்ளையும் பாண்டியையும் எழுதத்தக்க பொருளாக மதித்தார் என்பதை மாணவ உலகம் எண்ணிப் பார்த்தல் நன்று. இவ்வறிஞர் இளமையில் பயின்றதும் ஆசிரியப் பணி தொடங்கியதும் இராசபாளையத்தை அடுத்த முறம்பில். அது நம் மாவட்டத்து ஊர். பாவாணர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு மறுபதிப்பும் பெற்றுள்ளமையால், இந்நூலைப் பெறுவதில் இடர்ப்பாடு இல்லை.

இரண்டாம் தட்டு வீர விளையாட்டுகளுக்கு உரியது. சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' சல்லிக்கட்டுக் களத்தை மையமாகக் கொண்ட குறுநாவல். காளை வெளிவரும் வாயிலையும், அணைபவன் காத்து நிற்கும் நொடியையும், களத்தில் உள்ள எழுதாச் சட்டங்களையும் அறிய விரும்புவார்க்கு இதுவே நல்ல வாயில். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய செல்லப்பா, தம் வெளியீடுகளைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். புதிய நூலை விலை கொடுத்து வாங்குதல் எத்தகைய கடமை என்பதை அவர் தோள் உணர்ந்திருக்கும். இதே தட்டில் சிலம்பம், சடுகுடு, மற்போர் பற்றிய சிறு கையேடுகளும் இடம்பெறல் வேண்டும். உள்ளூர் அச்சகங்களில் சில நூறு படிகளே அச்சான இத்தகைய கையேடுகள்தாம் மிக விரைவில் மறைந்துபோவன.

மூன்றாம் தட்டு காட்டுக்கு உரியது. ஜிம் கார்பெட் 1944இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலைத் தி. ஜ. ர. 'குமாயுன் புலிகள்' என்று தமிழாக்கினார். ஆள்கொல்லியைத் தேடி நடந்த கார்பெட், புலி ஏன் ஆள்கொல்லியாகிறது என்பதையே முதலில் ஆராய்கின்றார். காயமும் முதுமையும் இயல்பான இரையைப் பிடிக்கவொட்டாமல் தடுப்பதே காரணம் என்று காட்டுகின்றார். கென்னத் ஆண்டர்சன் 1954 முதல் வெளியிட்ட ஆங்கில நூல்களில் நம் சேலம், தருமபுரிப் பகுதிக் காடுகள் இடம்பெறுகின்றன. வேட்டை சட்டப்படி நின்றுபோன இக்காலத்தில் அவற்றை வேட்டைக்கு வழிகாட்டியாக ஒருவரும் படிப்பதில்லை. அழிந்துபோன ஒரு காட்டின் பதிவேடாகவே படிக்கின்றோம்.

துப்பாக்கியிலிருந்து தொலைநோக்கிக்கு மாறிய வரலாற்றைச் சாலிம் அலியின் வாழ்வு காட்டும். சிறுவராயிருந்தபோது சுட்டு வீழ்த்திய ஒரு குருவி என்ன இனம் என்று அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியவர் அவர்; பின்னாளில் இந்தியப் பறவைகளைப் பற்றி 1941இல் அவர் வெளியிட்ட நூல் பல தலைமுறையினர்க்குக் கையேடாயிற்று. தமிழில் இயற்கையை எழுதிய மா. கிருஷ்ணனின் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தந்துள்ளார். ஆமத்தூரிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பத்தக்க தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கின்றது. அங்கே 1988இல் சாம்பல்நிற அணிலுக்காகச் சரணாலயமும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் அமைக்கப்பெற்றன. மலை அருகிலிருந்தும் மலையை அறிவிக்கும் நூல் அருகில் இல்லை என்ற நிலை நீங்குதல் வேண்டும்.

நான்காம் தட்டு பயணத்திற்கும் கடலுக்கும் உரியது. கோட்டையூர் ஏ. கே. செட்டியாரின் பயண நூல்கள், தி. ஜானகிராமனும் சிட்டியும் காவிரியைத் தொடர்ந்து சென்று எழுதி 1971இல் வாசகர் வட்டம் வெளியிட்ட 'நடந்தாய் வாழி காவேரி', நரசய்யாவின் 'கடலோடி' ஆகியவை இதற்கு அழகு செய்வன. பாக் நீரிணையை நீந்தியோர் வரலாறும் இத்தட்டுக்கு உரியதே. 1954இல் யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி அதனைக் கடந்தார். 1966இல் மிகிர் சென் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் இருவழியும் நீந்தினார். 1994இல் ஈரோட்டுச் சிறுவர் குற்றாலீசுவரன் நீந்தினார். இச்செய்திகள் பழைய நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் சிதறிக் கிடப்பன. அவற்றைக் கத்தரித்து ஒட்டி வைத்தாலும் அது ஒரு நூலே.

ஐந்தாம் தட்டைக் குறித்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அது படக்கதைகளுக்கு உரியது. இவ்வட்டாரம் தமிழ் வாசிப்புக்குத் தந்த பெருங்கொடைகளுள் ஒன்று சிவகாசியிலிருந்து வெளிவரும் காமிக்ஸ் வெளியீடுகள். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கியது முத்து காமிக்ஸ். 1984இல் லயன் காமிக்ஸ் தோன்றியது. இத்தாலியில் 1948இல் பிறந்த டெக்ஸ் வில்லரும், பெல்ஜிய ஓவியர் மோரிஸ் படைத்த லக்கி லூக்கும் தமிழ் பேசியது நம் சிவகாசியில்தான். பாலைவனத்தில் குதிரையின் குளம்படி தேடுவதும், நீர் கிடைக்கும் இடம் அறிவதும், திறந்த வானின்கீழ் தீ மூட்டி இரவைக் கழிப்பதும் கரிசற்காட்டுச் சிறுவர்க்கு இக்கதைகள் வாயிலாகவே முதலில் அறிமுகமாயின. படித்து முடித்ததும் எடைக்குப் போடப்பட்ட அப்பழைய இதழ்களை இன்று ஆர்வலர்கள் ஊர் ஊராகத் தேடுகின்றனர். அச்சான விலையைப் போலப் பன்மடங்கு கொடுத்தும் வாங்குகின்றனர். சிவகாசியில் அச்சான ஓர் இதழைச் சிவகாசிக்குப் பக்கத்து ஊரினர் பெருநகரத்தில் தேட வேண்டியிருப்பது வியப்புக்குரியது.

திரட்டியோர் காட்டிய வழி

நூல் திரட்டுதல் செல்வர்க்கும் நிறுவனங்களுக்கும் மட்டுமே இயலும் என்று எண்ணுதல் பொருந்தாது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் தனி ஒருவராகத் திரட்டிய நூல்களும் இதழ்களும் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஆகும். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுதி காக்கப்பெற்று, 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. உயர்ந்த நூல் என்றும் தாழ்ந்த நூல் என்றும் பாராமல், நாடக அறிவிப்புத் தாளையும் பாட்டுப் புத்தகத்தையும் அவர் சேர்த்தமையாலேயே அத்தொகுதிக்கு இன்று இத்துணை மதிப்பு. எது பிற்காலத்தார்க்குப் பயன்படும் என்பதை நிகழ்காலத்தார் எளிதில் கணிக்க இயலாது என்பது அவர் வாழ்வு கற்பிக்கும் பாடம்.

தொலைவில் ஒரு சான்றும் காட்டலாம். மொராக்கோ நாட்டில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகை வலம் வந்தவர். கடலில் இடருற்று நம் கிழக்குக் கடற்கரையை அடைந்து, மதுரையில் அந்நாளைய சுல்தானின் அவையையும் அந்நகரைத் தாக்கிய கொள்ளைநோயையும் கண்டவர். அவர் நாடு திரும்பி, 1355ஆம் ஆண்டளவில் தம் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுதினார். அச்சுவடிகள் வட ஆப்பிரிக்காவில் காக்கப்பெற்று, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிசில் அச்சேறின. பதினான்காம் நூற்றாண்டு மதுரையைப் பற்றி நாம் அறிவனவற்றுள் ஒரு பகுதி, எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் ஒரு பயண நூலை எறியாமல் வைத்திருந்ததன் பயனாகும்.

இதிலிருந்து நம் இல்லங்களுக்கும் ஒரு கடமை பிறக்கின்றது. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலில் ஹஜ் பயணம் சென்றுவரும் வழக்கம் 1995ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று. அவ்வாறு கடல்வழி சென்றுவந்த நம் முன்னோருள் நாட்குறிப்பு எழுதியோரும் கடிதம் எழுதியோரும் உளர். அலைமீது கழிந்த நாள்களையும் கப்பலின் உணவையும் உடன்வந்தோரையும் பற்றிய அக்குறிப்புகள் பழைய பெட்டிகளில் உறங்கக்கூடும். அவையும் பயண இலக்கியமே; அவற்றின் படியொன்று நம் அலமாரிக்கு வரவேண்டும்.

தடைகளும் விடைகளும்

இம்முயற்சிக்கு எதிராகக் கூறப்படுவன சில. அவற்றைப் புறக்கணியாது ஆராய்தல் முறை.

'எல்லாம் கைப்பேசியில் கிடைக்கும்போது அலமாரி எதற்கு?' என்பது முதல் தடை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்றவை ஆற்றிவரும் பணி போற்றத்தக்கது. எனினும் மின்படி எடுப்பதற்கு முதலில் ஒரு தாட்படி எங்கேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். எடைக்குப் போன நூலை எந்தக் கருவியும் படமெடுக்க இயலாது. மேலும், பதிப்புரிமை உள்ள நூல்களை விருப்பம்போல் இணையத்தில் ஏற்றுதல் முறையுமன்று. அவற்றை வாங்கி வைத்துப் படிப்பதே எழுதியவர்க்கும் வெளியிட்டவர்க்கும் செய்யும் நேர்மை.

'தேர்வுக்கு நூல் வாங்கவே பணமில்லை. விளையாட்டு நூலுக்கு எங்கே போவது?' என்பது இரண்டாம் தடை. இதில் உண்மை உண்டு. ஆதலின்தான் புதியதும் பழையதும் என்று இணைத்துச் சொல்கின்றோம். ஆண்டுக்கு ஐந்து புதிய நூல்களை வாங்கினால் பதிப்பாளர் வாழ்வர். எஞ்சியவற்றைப் பழைய புத்தகக் கடைகளிலும் பழைய பேப்பர் கடைகளிலும் எடைக்கு எடை பெறலாம். பேப்பர் கடைக்காரரிடம், 'இத்தகைய நூல் வந்தால் எடுத்து வையுங்கள். எடைக்குக் கிடைப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தருகிறோம்' என்று ஒருமுறை சொல்லி வைத்தாலே போதும். தாள் வணிகம் பெருகிய நம் வட்டாரத்திற்கு வேறெங்கும் இல்லாத வசதி இது.

மூன்றாம் தடை சற்று ஆழமானது. 'துணிகரச் செயல்களைப் பற்றிய நூல்கள் இளைஞரை ஆபத்தில் இறங்கத் தூண்டாவா?' என்று பெற்றோர் அஞ்சுவர். பட்டாசு வட்டாரத்தில் இவ்வச்சம் வெறும் சொல்லன்று. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரும் விபத்துகள் நின்றபாடில்லை. ஆபத்து இங்கே விளையாட்டாக வருவதில்லை. கூலியோடு சேர்ந்து வருகின்றது.

இதனாலேயே இந்நூல்கள் இங்கே மிகுதியும் தேவை என்கின்றோம். நல்ல துணிகர நூல் எதுவும் கண்மூடித்தனத்தைப் புகழ்வதில்லை. மலையேறுவோன் கயிற்றை இருமுறை சோதிக்கின்றான். வானிலை மாறினால் உச்சி கண்ணெதிரே இருப்பினும் திரும்புகின்றான். கார்பெட் காற்று எத்திசையில் வீசுகிறது என்று அறியாமல் ஓரடி எடுத்து வைப்பதில்லை. இருவழியும் பாக் நீரிணையை வென்ற ஆழிக்குமரன் ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முற்பட்டபோது உயிர்நீத்தார்; கடல் வீரனுக்கும் விலக்களிப்பதில்லை என்பதை அவ்வரலாறு மறைக்காமல் சொல்கின்றது. ஆயத்தம் செய்தல், அளவறிதல், உடன்வருவோரைக் காத்தல், வேண்டுமிடத்துப் பின்வாங்குதல் ஆகியவையே இந்நூல்கள் கற்பிக்கும் ஒழுக்கம். தன் உயிருக்கு இத்துணை மதிப்பு உண்டு என்று படித்து உணர்ந்த இளைஞன், தான் வேலை செய்யும் கூடத்தில் பாதுகாப்பு விதி மீறப்படும்போது வாளாவிருக்க மாட்டான். 'இங்கே வாயில் எங்கே? மணல் வாளி எங்கே?' என்று கேட்கும் துணிவும் ஒரு துணிவே.

'இவையெல்லாம் ஆடவர்க்கன்றோ?' என்பார்க்கும் விடை நம் மாவட்டத்திலேயே உள்ளது. 1953 மே 29இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்ற எழுபதாம் ஆண்டில், 2023 மே 23ஆம் நாள், அவ்வுச்சியை எட்டிய தமிழ்நாட்டின் முதற்பெண் என்ற சிறப்பைப் பெற்றவர் முத்தமிழ்ச்செல்வி. அவர் விருதுநகர் மாவட்டத்து ஜோகில்பட்டியைச் சேர்ந்தவர். செய்தியைக் கேட்டு மகிழ்ந்த இப்பகுதிப் பெண்பிள்ளை ஒருத்தி, 'மலையேற்றம் என்றால் என்ன? உயரத்தில் மூச்சு ஏன் திணறுகிறது? இதற்கு எங்கே பயில்வது?' என்று அறிய விரும்பினால், தன் ஊரில் தமிழில் எந்த நூலை எடுத்துப் புரட்டுவாள்? பாராட்டுக் கூட்டத்தின் மாலைகள் ஒருநாளில் வாடும். அக்கேள்விக்கு விடையாக ஒரு நூல் அலமாரியில் இருக்குமாயின், அது பல ஆண்டுகள் பேசும்.

செய்ய வேண்டுவன

கருத்துரைத்தலோடு அமையாமல், செயல்முறையையும் சுருங்கச் சொல்லி முடிக்கின்றோம்.

தமிழ்த்துறை மாணவர் நால்வர் பொறுப்பேற்றல் வேண்டும். ஆமத்தூரில் பள்ளியோ ஊர்ப் பொதுவிடமோ வெயிலும் மழையும் படாத ஓர் இடத்தைத் தருமாயின் ஒரு மர அலமாரி போதும். இரும்பாயின் கரையான் அணுகாது. வரும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பதிவேட்டில் பெயர், ஆசிரியர், வெளியீட்டார், பதிப்பாண்டு, கிடைத்த இடம், கொடுத்த விலை, தந்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். பழைய நூலின் முதற்பக்கத்தில் முன்னைய உரிமையாளர் எழுதிய கையொப்பமும் நாளும் இருப்பின், அதனை அழித்தலோ கிழித்தலோ கூடாது. அதுவும் அந்நூலின் வரலாறே.

படக்கதைகளும் மலிவுப் பதிப்புகளும் செய்தித்தாள் வகைத் தாளில் அச்சானவை. ஒளியும் வெப்பமும் பட்டால் பழுப்பேறி ஒடியும். அவற்றை வெயில் படாமல் தட்டையாக அடுக்கி வைத்தல் வேண்டும். கிழிந்த பக்கத்தைப் பளபளப்பான ஒட்டுநாடாவால் ஒட்டுதல் தீங்கு. அதன் பசை தாளைக் கறையாக்கும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் போதும். உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் பூச்சி அணுகாமல் காக்க நம் முன்னோர் கையாண்ட எளிய முறைகள். மாதம் ஒருமுறை நூல்களை எடுத்துத் தூசி தட்டி வைத்தாலே பாதி நோய் வாராது.

மிக இன்றியமையாதது ஒன்றுண்டு. இவ்வலமாரி பூட்டிவைக்கும் காட்சிப்பொருளாகிவிடக் கூடாது. அரியதோர் பழம்பதிப்பு கிடைப்பின் அதனைப் பாதுகாப்பாக வைத்து, மறுபதிப்பை வாசிப்புக்குத் தரலாம். ஏனையவற்றைப் பிள்ளைகள் எடுத்துச் செல்லட்டும், முனை மடங்கட்டும், மண் படியட்டும். திடலைப் பற்றிய நூலில் திடலின் மண் படிவது இழுக்கன்று.

1948ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. 2010இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்துள்ளன. பெருநூலகங்கள் ஆற்றின் அணைகளைப் போன்றவை. அணை இருப்பினும் ஊருக்கு ஓர் ஊருணி வேண்டுமன்றோ? ஆமத்தூரில் நாம் வேண்டுவது அத்தகைய ஊருணியே.

முதல் நூலாகப் பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' அமைவதாக. அதனை வாங்கும் வார விடுமுறை நாளிலேயே பொறுப்பாளர் நால்வரும் ஊர்ப் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் சென்று, அவர்கள் இதுகாறும் ஆடியறியாத ஓர் ஆட்டத்தை அந்நூலில் தெரிந்தெடுத்து, அதிலுள்ள விதிப்படியே ஆடச் செய்வார்களாக. விதியில் ஐயம் எழுந்தால் ஊரின் முதியோரைக் கேட்கலாம். அவர்கள் சொல்லும் வேறுபாட்டைப் பதிவேட்டின் இறுதிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். அப்பக்கங்கள் நிறைந்த அன்று, இத்தட்டுகளில் வைப்பதற்கு ஆமத்தூரே எழுதிய நூல் ஒன்று கிடைத்திருக்கும்.